கண்ணுக்கு எட்டாத பணம்: ‘வால் ஸ்ட்ரீட்’டிலிருந்து மைக்கா வரை

(ஜொகூர் பாருவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

ஆலிவர் ஸ்டோன் இயக்கிய ‘வால் ஸ்ட்ரீட்’ படம் 1987 டிசம்பரில் வெளிவந்தது. அன்று பார்க்கத் தவறியவர்கள் பலர் இப்போதுதான் தேடிப் பிடித்துப் பார்க்கிறார்கள். தாமதமாகப் பார்ப்பதிலும் ஒரு லாபம் உண்டு. படம் வந்தபோது நியூயார்க் பங்குச் சந்தை சரிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அக்டோபர் 19ஆம் தேதி ஒரே நாளில் டவ் ஜோன்ஸ் குறியீடு 22.6 விழுக்காடு விழுந்திருந்தது. அந்தச் சூட்டில் பார்த்தவர்களுக்குத் திரை முழுக்க ஒரு வில்லன்தான் தெரிந்தான். நமக்கு அந்தப் பதற்றம் இல்லை. செங்கல் பருமன் கைப்பேசியையும் சட்டைக்கு மேல் மாட்டிய தோள்பட்டி வாரையும் வேடிக்கை பார்த்து முடித்தபின், கதையில் யாருடைய பணம் யார் கைக்குப் போகிறது என்று நிதானமாகக் கவனிக்க முடிகிறது. அப்படிக் கவனித்தால் இந்தப் படம் பேராசையைப் பற்றியது என்று நாற்பது ஆண்டுகளாகச் சொல்லிவருவது பாதிதான் சரி என்று தோன்றுகிறது. மீதிப் பாதி நம் ஊர்க் கதை. அதைச் சொல்லத்தான் இங்கே நிற்கிறேன்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பட் ஃபாக்ஸ் ஓர் இளம் பங்குத் தரகன். அவன் அப்பா கார்ல் ஃபாக்ஸ், புளூஸ்டார் என்ற சிறிய விமான நிறுவனத்தில் மெக்கானிக், தொழிற்சங்கத் தலைவரும்கூட. (சார்லி ஷீனுக்கு அவருடைய சொந்தத் தந்தை மார்ட்டின் ஷீனே அப்பாவாக நடித்திருக்கிறார். இருவரும் சண்டை போடும் காட்சிகளில் அந்த உறவு தெரியத்தான் செய்கிறது.) நிறுவனங்களை வாங்கி உடைத்து விற்கும் கோர்டன் கெக்கோவின் கண்ணில் பட வேண்டும் என்று பட் துடிக்கிறான். அப்பா பேச்சுவாக்கில் சொன்ன ஓர் உள்செய்தியை, பழைய விபத்தொன்றைப் பற்றிய விசாரணையின் முடிவு புளூஸ்டாருக்குச் சாதகமாக வரப்போகிறது என்பதை, கெக்கோவிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறான். அங்கிருந்து எல்லாம் சறுக்கு. கெக்கோவாக நடித்த மைக்கேல் டக்ளஸுக்கு ஆஸ்கார் கிடைத்தது. படத்தில் எல்லாருக்கும் நினைவிருப்பது, ஒரு காகித நிறுவனத்தின் பங்குதாரர் கூட்டத்தில் அவர் பேராசைக்கு வக்காலத்து வாங்கிப் பேசும் இடம். அது வெறும் கற்பனையுமன்று. 1986 மே மாதம் பெர்க்லி வணிகப் பள்ளியின் பட்டமளிப்பு விழாவில் பங்கு வணிகர் ஐவன் போயெஸ்கி பேராசை ஆரோக்கியமானது என்ற பொருளில் பேசியிருந்தார்; அதே ஆண்டு நவம்பரில் உள்தகவல் வணிகக் குற்றத்துக்காக 100 மில்லியன் டாலர் கட்ட ஒப்புக்கொண்டார். திரைக்கதையை எழுதியவர்களில் ஒருவரான ஸ்டான்லி வைசர் பிற்காலத்தில் ஒரு வருத்தத்தைப் பதிவு செய்திருக்கிறார்: கெக்கோவைப் பார்த்துத்தான் தரகுத் தொழிலுக்கே வந்தோம் என்று இளைஞர்கள் அவரிடமே வந்து பெருமையாகச் சொல்கிறார்களாம். எச்சரிக்கையாக எடுத்த படம் ஆள்சேர்ப்பு விளம்பரமாக முடிந்தது. பார்வையாளர்கள் முட்டாள்கள் என்பது இதற்குக் காரணமில்லை. பேராசையை ஒரு மனிதனின் குணமாகக் காட்டிவிட்டால், அந்தக் குணத்துக்கு நல்ல உடையும் நல்ல வசனமும் கொடுத்ததும் அது கவர்ச்சியாகிவிடுகிறது.

படத்தின் மையம் அந்த மேடைப் பேச்சில் இல்லை. கதவை மூடிக்கொண்டு வழக்கறிஞர்களும் வங்கிக்காரர்களும் புளூஸ்டாரைக் கூறுபோடும் கூட்டத்தில் இருக்கிறது. விமானம் ஒருவருக்கு, கொட்டகை நிலம் ஒருவருக்கு என்று பேசிக்கொண்டிருக்கையில்தான், கெக்கோவின் குறி விமானங்கள்மேல் இல்லை என்பது பட்டுக்கு விளங்குகிறது. குறி, தொழிலாளர்களின் ஓய்வூதிய நிதி. அதில் 75 மில்லியன் டாலர் கிடக்கிறது. சட்டம் கேட்கும் குறைந்தபட்ச ஆண்டுத்தொகைக் காப்புறுதியைத் தொழிலாளர்களுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு மீதியை அள்ளிக்கொள்ளலாம் என்பது கணக்கு. கார்ல் ஃபாக்ஸும் அவர் தோழர்களும் இருபது முப்பது ஆண்டு எண்ணெய்க் கறையோடு உழைத்துச் சேர்த்த பணம், அவர்கள் ஒருபோதும் நுழையாத ஓர் அறையில், அவர்களுக்குத் தெரியாத ஆள்களால் பங்கிடப்படுகிறது. இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கெக்கோவின் ஆசை பெரியதா சிறியதா என்பது இரண்டாம் விஷயம். பணத்துக்கு உரியவரின் கண்ணும் கேள்வியும் எட்டாத இடத்தில் அந்தப் பணம் இருந்தது என்பதே முதல் விஷயம். அதற்கு வெறும் ‘பேராசை’ என்று பெயர் சூட்டும்போது கணக்கு வழக்குப் பிரச்சினை ஒன்றை ஒழுக்கப் பிரச்சினையாக மாற்றிவிடுகிறோம். ஒழுக்கப் பிரச்சினைக்குத் தண்டனை உண்டு, மன்னிப்பும் உண்டு. கணக்குப் பிரச்சினைக்கு வேண்டியது திருத்தம். அது நடக்காமலேயே போகிறது.

இதற்குச் சான்று அமெரிக்காவிலேயே இருக்கிறது. படத்தில் வரும் தந்திரம் அந்தப் பத்தாண்டில் உண்மையாகவே நடந்தது. 1986இல் கலிபோர்னியாவின் பசிபிக் லம்பர் நிறுவனம் கைமாறியபோது, புதிய முதலாளிகள் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தைக் கலைத்து, 50 மில்லியன் டாலருக்கும் மேற்பட்ட உபரியை எடுத்துக்கொண்டார்கள். தொழிலாளருக்கான ஆண்டுத்தொகையை எக்ஸிகியூட்டிவ் லைஃப் என்ற காப்புறுதி நிறுவனத்தில் வாங்கினார்கள். 1991இல் அந்தக் காப்புறுதி நிறுவனமும் கவிழ்ந்தது. இந்த வழக்கத்துக்குக் கடிவாளம் போட்டது எது? பேராசைக்காரர்கள் யாரும் திருந்தவில்லை. ஓய்வூதிய உபரியை நிறுவனம் திரும்ப எடுத்தால் அதன்மேல் தனி வரி என்று 1986இல் சட்டம் வந்தது, முதலில் 10 விழுக்காடு. 1990இல் அது, நிலைமையைப் பொறுத்து, 20 அல்லது 50 விழுக்காடாக உயர்ந்தது. வரி ஏற ஏற அந்த வித்தையில் லாபமில்லாமல் போயிற்று. பேராசை அதே அளவில்தான் இருந்தது, வேறு வழி தேடிப் போனது; ஆனால் அந்த ஒரு கதவு மூடியது.

இனி நம் பக்கம் வருவோம். படத்தின் கதை நடக்கும் ஆண்டு 1985. அதே 1985 டிசம்பரில் பான் எலக்ட்ரிக் என்ற நிறுவனம் கடனில் மூழ்கியதால் சிங்கப்பூர், கோலாலம்பூர் இரண்டு பங்குச் சந்தைகளும் மூன்று நாள் மூடிக் கிடந்தன. காஸ்வே பாலத்தின் இரு முனையிலும் ஒரே நேரத்தில் சந்தை பூட்டப்பட்டது என்பது ஜொகூர்க்காரர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டிய செய்தி. அடுத்த ஆண்டு, 1986இல், பொதுமக்களிடம் வைப்புத்தொகை வாங்கிய 24 கூட்டுறவுச் சங்கங்களை மத்திய வங்கியான பேங்க் நெகாரா முடக்க வேண்டிவந்தது. 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் சேமிப்பு அதில் சிக்கியது, பெரும்பாலும் சீனச் சிறுவணிகர்களும் தொழிலாளர்களும். மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று இந்த நோய் பார்க்கவில்லை. அதே பத்தாண்டில்தான் நம்மவர்களின் மைக்கா ஹோல்டிங்ஸும் பிறந்தது. நியூயார்க்கில் ஸ்டோன் கற்பனை செய்துகொண்டிருந்த அதே வேளையில் இங்கே, ஒரு கெக்கோகூடத் தேவைப்படாமல், அதைவிடச் சோகமான கதை மெல்ல நடந்துகொண்டிருந்தது.

மைக்கா 1982இல் பதிவானது. மலேசிய இந்தியர் காங்கிரஸ் கட்சியான மஇகா முன்னின்று தொடங்கிய முதலீட்டு நிறுவனம். தேசியப் பொருளாதாரத்தில் இந்தியர்களின் பங்கு ஒன்றரை விழுக்காட்டைத் தாண்டவில்லை, நாமும் கூட்டாகச் சேர்ந்து முதலீடு செய்தாலொழிய வழியில்லை என்பது அன்றைய வாதம். வாதத்தில் குறையில்லை. ஏறத்தாழ 66 ஆயிரம் பேர் பங்கு வாங்கினார்கள். சேர்ந்த தொகை 100 மில்லியன் வெள்ளிக்கு மேல். அவர்களில் கணிசமானோர் தோட்டப் பாட்டாளிகள். கூட்டுத்தொகையை விட்டுவிட்டு ஒரு பங்குதாரரை மட்டும் நினைத்துப் பாருங்கள். விடியுமுன் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் நின்று, பால் வெட்டி, செக்ரோல் பதிவேட்டில் பெயர் விழுந்தால்தான் அன்றைக்குக் கூலி. அப்படிச் சேர்த்ததோடு நகையை அடகு வைத்ததையும் கூட்டி, சில நூறு வெள்ளிக்குப் பங்கு வாங்குகிறார். கையில் ஒரு பங்குப் பத்திரம் வருகிறது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்ல ஆள் வேண்டும். அது சந்தையில் பட்டியலிடப்படாத பங்கு. அதனால் இன்றைய விலை என்ன என்று எந்த நாளிதழிலும் பார்க்க முடியாது. விற்க நினைத்தாலும் வாங்க ஆளில்லை. அந்தப் பத்திரத்தைச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைப்பதைத் தவிர அவர் செய்யக்கூடியது எதுவுமில்லை. இவரைப் பேராசைக்காரர் என்று சொல்ல யாருக்காவது நா எழுமா? இரட்டிப்பாக்கித் தருகிறோம் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. சமுதாயம் எழுந்து நிற்க வேண்டும், நம் பங்கும் இருக்கட்டும் என்றுதான் கொடுத்தார்.

பிறகு நடந்ததில் எல்லாவற்றையும் இங்கே சொல்ல நேரமில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். 1990இல் தொலைபேசித் துறை தனியார்மயமானபோது, இந்தியர்களுக்கென டெலிகோம்ஸ் பங்குகளில் 1 கோடியை நிதியமைச்சு ஒதுக்கியது. மைக்காவுக்கு வந்து சேர்ந்தது 10 லட்சம். மீதி 90 லட்சம் வேறு மூன்று நிறுவனங்களுக்குப் போனது. இது பொதுவெளிக்கு வந்ததே 1992இல்தான். கட்சியின் கல்விப் பணிகளுக்காக அவ்வாறு செய்யப்பட்டது என்று விளக்கம் தரப்பட்டது. விசாரணை நடந்தது, யார்மீதும் குற்றச்சாட்டு பதிவாகவில்லை. எனவே குற்றம் என்ற சொல்லை நானும் இங்கே பயன்படுத்தப் போவதில்லை. என் வாதத்துக்கு அந்தச் சொல் தேவையுமில்லை. கேட்க வேண்டியது இதுதான்: 66 ஆயிரம் பங்குதாரர்களில் எத்தனை பேருக்கு அந்த ஒதுக்கீடு நடந்த நாளில் அது தெரிந்தது? எடுத்த முடிவு நல்லதோ கெட்டதோ, அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்கும் வாய்ப்பாவது அவர்களுக்கு இருந்ததா? இரண்டாண்டு கழித்துச் செய்தித்தாளில் படித்துத் தெரிந்துகொள்வதா உடைமை?

கணக்கைப் போட்டுப் பார்ப்போம், மேடையில் எண்கள் சலிப்பூட்டும் என்றாலும். ஒரு வெள்ளிப் பங்கை 1984இல் வாங்கியதாகவே வைத்துக்கொள்வோம். இடையில் பல சண்டைகள் நடந்து, 2010இல் தொழிலதிபர் ஞானலிங்கத்தின் ஜி டீம் நிறுவனம் முன்வந்து பங்குக்கு 80 சென் என்று வாங்கிக்கொண்டது. அப்போது மைக்காவிடம் மிஞ்சியிருந்த பெரிய சொத்து ஓரியன்டல் கேப்பிட்டல் அஷ்யூரன்ஸ் என்ற காப்புறுதி நிறுவனம். சரி, அதே ஒரு வெள்ளி ஊழியர் சேமநிதியில் கிடந்திருந்தால்? 1994 வரை எந்த ஆண்டும் இ.பி.எஃப். ஈவு 8 விழுக்காட்டுக்குக் குறையவில்லை; பத்தாண்டில் ஒரு வெள்ளி இரண்டு வெள்ளிக்கு மேலாகியிருக்கும். அதற்குப் பிந்திய ஆண்டுகளில் மிகக் குறைந்த ஈவு 2002இல், 4.25 விழுக்காடு. அந்தக் குறைந்த வீதத்தையே மீதி ஆண்டு முழுக்கப் போட்டாலும் 2010க்குள் நான்கு வெள்ளி ஆகியிருக்கும். இடையில் மைக்கா ஏதேனும் ஈவு தந்திருந்தால் அதையும் தாராளமாகக் கூட்டிக்கொள்ளுங்கள்; இடைவெளி அடையாது. 1984இல் 45 வயதில் பங்கு வாங்கியவருக்கு 2010இல் வயது 71. பலர் அதற்குள் கண்மூடிவிட்டார்கள். அவர்கள் பிள்ளைகள் 80 சென் பெறுவதற்கு வாரிசுப் பத்திரம் எடுக்க வேண்டியிருந்தது. சிலர் விஷயத்தில் அந்த அலைச்சலுக்கான பேருந்துச் செலவே அதிகமாகியிருக்கும்.

இங்கே ஒருவர் குறுக்கிடலாம். “தோட்டப் பாட்டாளிக்குக் கணக்குப் பார்க்கத் தெரியாது, ஐயா. எப்படி வைத்தாலும் ஏமாந்திருப்பார்.” இந்த நினைப்பு தவறு என்பதற்கு நம் வரலாற்றிலேயே ஆதாரம் இருக்கிறது. சுதந்திரத்தையொட்டி வெள்ளைக்காரத் துரைமார் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது, வேலையும் வீடும் ஒருசேரப் பறிபோய்த் தொழிலாளர்கள் தெருவில் நின்றார்கள். அப்போது துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளி. அந்தப் பத்து வெள்ளிகளைச் சேர்த்து, கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. பிறகு அடுத்தடுத்துப் பல. பணம் கொடுத்தவரும் அதே பாட்டாளிதான். எழுத்தறிவும் அதே அளவுதான், சொல்லப்போனால் 1980களைவிடக் குறைவு. ஆனால் அந்தப் பணம் நிலமாக நின்றது. மரம் எத்தனை, பால் எவ்வளவு இறங்குகிறது, மறுநடவு நடந்ததா இல்லையா என்று பார்த்துச் சொல்ல எந்தத் தணிக்கையாளரைவிடவும் அவருக்குத் தகுதி இருந்தது. வாழ்நாள் முழுக்க அதைத்தானே செய்துவந்தார். அந்தச் சங்கத்திலும் தலைமைச் சண்டைகள் வந்தன, குறைகள் சொல்லப்பட்டன. ஆனாலும் சங்கம் இன்றும் சொத்தோடு நிற்கிறது.

இன்னும் சின்ன உதாரணம், நாம் எல்லாரும் அறிந்த கூட்டு. பத்துப் பேர் மாதம் 100 வெள்ளி போடுகிறார்கள். மாதம் ஒருவர் ஆயிரம் எடுக்கிறார். சீட்டுக் குலுக்கும்போது அத்தனை பேரும் ஒரே வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். யார் எந்த மாதம் எடுத்தார், யார் பாக்கி என்பது ஒரு பள்ளிக்கூட நோட்டில் பெயரோடு இருக்கும். யாரும் கையை நீட்டி வாங்கிப் பார்க்கலாம். தொழிலாக நடத்தும் கூட்டை 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. தெரியாத ஊர்களில் தெரியாத ஆள்களைச் சேர்த்து ஒருவர் நடத்தத் தொடங்கியதும் அந்த நோட்டு யார் கண்ணிலும் படாமல் போனது; அதனால்தான் சட்டம் தேவைப்பட்டது. நோட்டு இருந்த இடத்தில் சட்டம் தேவைப்படவில்லை.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. ஏமாந்தவருக்கும் பேராசை உண்டே என்பார்கள். வினோத் இயக்கிய ‘சதுரங்க வேட்டை’ 2014இல் வந்தபோது தமிழ் ரசிகர்கள் கொண்டாடியது அந்தக் கருத்தைத்தான்: ஒருவனை ஏமாற்ற அவன் ஆசையைத் தூண்டினால் போதும். 2012இல் பெருந்துறையில் ஈமுக் கோழிப் பண்ணைகள் கவிழ்ந்ததும், அதே ஆண்டு அக்டோபரில் இங்கே ஜென்னிவா தங்கத் திட்டத்தை பேங்க் நெகாரா சோதனையிட்டதும் இதற்குச் சாட்சி. மாதாமாதம் வீடு தேடி வரும் வருமானம் என்றதும் படித்தவர்களே வரிசையில் நின்றார்கள். இதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதலாவது, மைக்காவில் அப்படி ஓர் ஆசை காட்டப்படவில்லை; பேராசை இல்லாத இடத்திலும் பணம் கரைந்திருக்கிறது என்றால், பேராசையை வைத்து மட்டும் கரைதலை விளக்க முடியாது. இரண்டாவது, ஆசை காட்டிய திட்டங்களிலும் முதல் சில மாதம் பணம் ஒழுங்காக வந்தது. அது புதிதாகச் சேர்ந்தவர் போட்ட பணம் என்று பழையவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் எத்தனை ஆசைக்காரரும் அங்கே ஒரு நாள் தங்கமாட்டார். ஆசை ஆளைக் கொண்டுவந்து சேர்க்கும். உள்ளேயே பிடித்து வைத்திருப்பது மறைப்பு. 1994 பொங்கலுக்கு வந்த ‘மகாநதி’ இந்த இடத்தை ‘சதுரங்க வேட்டை’யைவிட நன்றாகப் புரிந்துகொண்ட படம் என்பது என் எண்ணம். கமல்ஹாசன் நடித்த கிருஷ்ணசாமி, சீட்டுக் கம்பெனிக்குத் தானே முதலாளி என்று பெயர்ப்பலகையில் இருந்தும், கணக்கு எங்கே போகிறது என்று அறியாமலே சிறைக்குப் போகிறான்.

கெக்கோ சொல்வதில் உண்மையே இல்லையா என்றும் கேட்பார்கள். இருக்கிறது. அந்தக் காகித நிறுவனக் கூட்டத்தில் அவர் வைக்கும் குற்றச்சாட்டைக் கவனியுங்கள்: ஆண்டுக்கு 2 லட்சம் டாலருக்கு மேல் சம்பளம் வாங்கும் 33 துணைத் தலைவர்கள்; அவர்கள் என்ன வேலை செய்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது; நிறுவனமோ நட்டத்தில் ஓடுகிறது; நிர்வாகிகளின் சொந்தப் பணம் அதில் சொற்பம். இது நியாயமான கேள்வி. மைக்காவின் ஆண்டுக் கூட்டங்களில் இப்படி ஒருவர் எழுந்து கேட்டிருக்கக்கூடாதா என்று ஏங்க வைக்கும் கேள்வி. வேடிக்கை என்னவென்றால், கணக்குக் கேட்பதன் பெயரால் கைதட்டல் வாங்கும் அதே ஆள்தான் புளூஸ்டார் தொழிலாளர்களின் கணக்கை மூடிய அறைக்குள் கொண்டுபோகிறார். மேடையில் பேசியது பங்குதாரரின் உரிமையை. அதற்குப் பேராசை என்று பெயர் வைத்ததால் உரிமை மறந்துபோய்ப் பேராசை மட்டும் உலகத்துக்கு ஞாபகம் இருக்கிறது.

என் வாதத்தில் ஓட்டை இருக்கிறது என்று காட்ட விரும்புபவருக்கு ஜொகூரிலேயே ஆதாரம் கிடைக்கும். கோத்தா திங்கியிலிருந்து குளுவாங், சிகாமட் வரை ஃபெல்டா நிலக்குடியேற்றங்கள் நிறைந்த மாநிலம் இது. 2012 ஜூனில் ஃபெல்டா குளோபல் வென்சர்ஸ் பங்குச் சந்தைக்கு வந்தபோது, ஃபேஸ்புக்குக்கு அடுத்தபடி அந்த ஆண்டில் அதுவரை உலகிலேயே பெரிய வெளியீடு என்று பேசப்பட்டது. திரண்ட தொகை 10 பில்லியன் வெள்ளிக்கு மேல். குடியேற்றவாசிக் குடும்பங்களுக்குத் தலா 15 ஆயிரம் வெள்ளி ‘டுரியான் ருந்தோ’ (எதிர்பாராத வரவு) வந்தது. பங்கு விலை 4 வெள்ளி 55 சென். பலர் கடன்பட்டு வாங்கினார்கள். 2020 இறுதியில் ஃபெல்டாவே பங்கைத் திரும்ப வாங்க முன்வந்த விலை 1 வெள்ளி 30 சென். அப்போது இது பட்டியலிடப்பட்ட நிறுவனமாக இருந்தது. விளக்கக் கையேடு அச்சிட்டார்கள், தணிக்கை நடந்தது, விலை தினமும் தொலைக்காட்சியில் ஓடியது. எல்லாம் கண்ணெதிரே நடந்தும் பணம் போனதே என்றால், போனதுதான். கண்ணில் படுவதால் மட்டும் நட்டம் நின்றுவிடாது, ஒப்புக்கொள்கிறேன். செம்பனை விலையை யாரும் கட்டிப்போட முடியாது. நிர்வாகத் தவறுகளையும் முழுக்கத் தடுக்க முடியாது. ஆனால் அந்த விலை தினமும் தெரிந்ததால்தான் குடியேற்றவாசிகளின் கோபத்துக்கு ஓர் எண் கிடைத்தது. பங்கு வாங்க எடுத்த கடனைத் தள்ளுபடி செய்வதாக 2017இல் அரசே அறிவிக்க வேண்டிவந்தது. 2018 பொதுத்தேர்தலில் அது பேசுபொருளானது. ஐந்தாறு ஆண்டில் கணக்குக் கேட்க முடிந்தது. மைக்காக்காரர்களுக்குக் கால் நூற்றாண்டு பிடித்தது. அப்போதும் அவர்கள் கேள்விக்குப் பதில் வரவில்லை, 80 சென் வந்தது.

‘வால் ஸ்ட்ரீட்’டுக்குக் கால் நூற்றாண்டு கழித்து வந்த ‘தி உல்ஃப் ஆஃப் வால் ஸ்ட்ரீட்’டையும் இங்கே தொட்டுவிட வேண்டும். 2013இல் மார்ட்டின் ஸ்கோர்செஸி எடுத்த அந்தப் படம் பேராசையைக் காட்டியதில் ஸ்டோனைத் தூக்கிச் சாப்பிட்டது. அதைத் தயாரித்த ரெட் கிரானைட் நிறுவனத்துக்கு வந்த பணம் மலேசிய அரசு நிதியமான 1எம்டிபியிலிருந்து கடத்தப்பட்டது என்று அமெரிக்க நீதித்துறை 2016இல் வழக்குத் தொடுத்தது. 2018இல் நிறுவனம் 60 மில்லியன் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டு, தன் தவறை ஏற்காமலே வழக்கை முடித்துக்கொண்டது. மலேசியர்களின் பெயரால் வாங்கிய கடன் ஹாலிவுட்டில் பேராசையைக் கண்டிக்கும் படமாயிற்று, அந்தப் படமோ நம் திரையரங்குகளுக்கே வரவில்லை என்று நினைக்கும்போது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இதில் என் வாதத்துக்கு உதவுவது ஒன்று உண்டு. அந்தப் படத்தில் போதையும் விருந்தும் மூன்று மணி நேரம். பணத்தைப் பறிகொடுத்தவர்களின் முகம் அநேகமாக இல்லவே இல்லை. பேராசைக்குக் கேமரா மயங்கும். கணக்குப் புத்தகத்துக்கு மயங்காது. நம் நாட்டு நிதி வரலாற்றின் மிக நாடகத்தனமான கதையோ கணக்குப் புத்தகத்தைப் பற்றியதுதான். 1983இல் பேங்க் பூமிபுத்ராவின் ஹாங்காங் கிளை நிறுவனமான பி.எம்.எஃப். கொடுத்த பெருங்கடன்களைச் சரிபார்க்க ஜலில் இப்ராஹிம் என்ற அதிகாரி அனுப்பப்பட்டார். அந்த ஜூலையில் அவரைக் கழுத்தை நெரித்துக் கொன்று, ஒரு வாழைத் தோட்டத்தில் போட்டுவிட்டார்கள். அவர் கையில் துப்பாக்கி இல்லை, கோப்புகள்தான் இருந்தன. அவரைப் பேராசை கொன்றது என்று சொல்வது எளிது. அவர் கணக்குப் பார்க்கப் போனதால் கொல்லப்பட்டார் என்று சொல்வதே துல்லியம்.

அப்படியானால் கணக்குக் கேட்கச் சிறிய மனிதருக்கு என்ன வழி இருந்தது? மைக்கா காலத்தில் நடைமுறையில் இருந்தது 1965ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம். இயக்குநர்கள் கூட்டம் கூட்ட மறுத்தால், பங்கு மூலதனத்தில் பத்தில் ஒரு பங்கை வைத்திருப்பவர்கள் கையெழுத்திட்டு அவர்களைக் கூட்ட வைக்கலாம். கேட்க நியாயமாக இருக்கிறது. ஒரு பணக்காரர் பத்து விழுக்காட்டை வைத்திருந்தால் ஒரே கையெழுத்து போதும். மைக்காவில் சராசரிப் பங்குதாரர்களைக் கொண்டு அந்தப் பத்து விழுக்காட்டை எட்ட ஏறத்தாழ 6,600 கையெழுத்து வேண்டும். பங்குப் பத்திரத்தில் இருந்த முகவரி லாயாங் லாயாங்கிலோ ரெங்கத்திலோ உள்ள ஒரு தோட்டத்து லயம். தோட்டம் விற்கப்பட்டு, ஆள் மாசாய்க்கோ பாசிர் கூடாங்குக்கோ குடிபெயர்ந்து, அந்த லயமே இடிந்துபோயிருக்கும். அவர்களைத் தேடிப் பிடித்து 6,600 கையெழுத்து வாங்குவது யாரால் ஆகும்? சிறுபங்குதாரர்களுக்காகக் கண்காணிப்புக் குழு ஒன்று 2000ஆம் ஆண்டு அமைந்தது. அதன் பார்வை சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்கள்மேல்தான். 1965 சட்டம் போய் 2016இல் புதிய நிறுவனச் சட்டம் வந்துவிட்டது. பல ஆயிரம் சிறுபங்குதாரர்களை வைத்துக்கொண்டு சந்தையில் பட்டியலிடாமல் நடக்கும் பொது நிறுவனங்களுக்கு அதிலும் அதே பத்து விழுக்காடுதான்.